பூஜ்ஜியம் சொல்லும் அதிகாரம்

வேனக்காவின் கண்ணில் கோளாறு இருப்பது முதன்முதலில் ஒரு விளக்குக் கம்பத்துக்குத்தான் தெரியவந்தது. பள்ளி வேனை முக்கில் திருப்பும்போது இடது பக்கக் கண்ணாடி கம்பத்தில் இடித்துத் தெறித்தது. நல்லவேளை, பிள்ளைகளையெல்லாம் இறக்கிவிட்டுத் திரும்பும் நேரம். கம்பம் புதிதாக நட்டதல்ல. வருஷக்கணக்காக அவள் அதே முக்கில் அதே வேனைத் திருப்பியிருக்கிறாள். இறங்கி வந்து கம்பத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "இது எப்ப இங்க வந்துச்சு?" என்று பக்கத்தில் நின்றவர்களைக் கேட்டாள். அவர்கள் கம்பத்தைப் பார்க்காமல் அவளைப் பார்த்தார்கள்.

பார்வை ஓரத்திலிருந்து சுருங்கிக்கொண்டு வருகிறது என்றார் கண் டாக்டர். நேரே இருப்பது தெளிவாகத் தெரியும். சுற்றி இருப்பது கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். "குழாய் வழியாப் பார்க்கிற மாதிரின்னு வச்சுக்கங்க" என்றார். குழாயும் எப்போது அடைபடும் என்று அவள் கேட்டாள். "மெதுவாவும் போகலாம், சீக்கிரமும் போகலாம்" என்று சொல்லிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

அன்றைக்கே பள்ளிக்குப் போய் வேன் சாவியைக் கொடுத்துவிட்டு வந்தாள். யாரும் கேட்கவில்லை. அவளாகவே கொடுத்தாள். வேனக்கா என்பது பிள்ளைகள் வைத்த பெயர். வேன் போன பிறகும் பெயர் போகவில்லை. கணவரே சில சமயம் அப்படித்தான் கூப்பிடுவார்.

கணவர் மருந்துக்கடை வைத்திருந்தார். அமைதியான மனிதர். ஆனால் டாக்டரைப் பார்த்துவிட்டு வந்ததிலிருந்து அவருக்கு ஒரு புதுப் பழக்கம் தொற்றிக்கொண்டது. சாப்பிடும்போது ஒரு கரண்டியைத் தூக்கிப் பக்கவாட்டில் பிடித்து, "இது தெரியுதா?" என்பார். நடக்கும்போது இரண்டு விரலை நீட்டி, "எத்தனைன்னு சொல்லு" என்பார்.

"ஏங்க, கடையில இருக்கிற பாட்டிலுக்குத் தேதி பார்க்கிற மாதிரி தினமும் என்னைப் பார்க்காதீங்க" என்றாள் ஒருநாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். அதன் பிறகு அவர் கேட்பதை நிறுத்திவிட்டு, ஒளிந்திருந்து கவனிக்க ஆரம்பித்தார். பாதி திறந்திருக்கும் கதவில் அவள் தோளை இடித்துக்கொள்வதையும், டம்ளரின் விளிம்பில் விரலை வைத்துக்கொண்டு தண்ணீர் ஊற்றுவதையும் கவனித்தார். எந்த மருந்தையும் அலமாரியில் கண்ணை மூடிக்கொண்டு எடுக்கக்கூடியவர் அவர். இதற்கு எந்த அலமாரியில் தேடுவது என்று தெரியவில்லை.

நூலகத்தின் வாசலில் ஒட்டியிருந்த அறிவிப்பை அவர்தான் முதலில் பார்த்தார். அவளைச் சிரிக்க வைக்கலாம் என்று சத்தமாகப் படித்தார்: "சமூக மாதிரி ராக்கெட் மன்றம். உங்கள் ராக்கெட்டை நீங்களே செய்து, நீங்களே விடலாம். வயது வரம்பில்லை. முன் அனுபவம் வேண்டாம். வானம் அனைவருக்கும் பொது."

அவள் சிரிக்கவில்லை. "வேன் ஓட்டணும்னா பக்கவாட்டுல பார்க்கணும். இது நேரா மேலதானே போகும்? நேரா எனக்கு நல்லாத் தெரியுது" என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை இருவரும் மன்றத்துக்குப் போனார்கள்.

மன்றம் ஒரு மெத்தைக் கடையின் மாடியில் இருந்தது. சுவர் முழுக்கப் பெரிய பெரிய நாடுகள் விட்ட ராக்கெட்டுகளின் படங்கள். நடுவில் கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு முழ உயர வெள்ளை ராக்கெட் நின்றது. 'நிறுவனர் ராக்கெட் – தொடாதீர்' என்று எழுதியிருந்தது. பெட்டிக்குப் பின்னால் ஒரு மேசை. மேசைக்குப் பின்னால் மூன்று பேர்.

நடுவில் இருந்தவர் தலைவர். வேலையில் இருந்த காலத்தில் கட்டடங்களின் லிஃப்டுகளுக்குத் தகுதிச் சான்று கொடுத்தவர். அவர் காலத்தில் ஊரில் பாதி லிஃப்டுகள் நின்ற இடத்திலேயே நின்றன என்பதை இப்போதும் பெருமையாகச் சொல்வார். வலப்பக்கம் செயலாளர் அம்மா. அச்சகம் வைத்திருந்ததால் மன்றத்தில் அட்டைக்கும் பேனருக்கும் பஞ்சமே வந்ததில்லை. இடப்பக்கம் பாதுகாப்புப் பொறுப்பாளர். பகலில் ஒரு பேரங்காடியில், நகரும் படிக்கட்டின் அடியில் நின்று, ஏறுகிறவர்களிடம் "பார்த்து, பார்த்து" என்று சொல்வது அவர் உத்தியோகம். அறைக்குள்ளேயும் தலைக்கவசம் போட்டிருந்தார். அதனால் எல்லோரும் அவரைத் தலைக்கவசம் என்றே சொன்னார்கள்.

"எதுக்காக மன்றத்துல சேர வந்திருக்கீங்க?" என்று தலைவர் கேட்டார்.

"ராக்கெட் விடத்தான்" என்றாள் வேனக்கா.

மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். செயலாளர் அம்மா பேனாவை மூடி வைத்தார்.

"தப்பா எடுத்துக்காதீங்கம்மா" என்றார் தலைவர் கனிவாக. "ராக்கெட் விடணும்ங்கிற ஆசையோட வர்றவங்களை நாங்க கொஞ்சம் எச்சரிக்கையாத்தான் பார்ப்போம். ஆசை வேற, ஈடுபாடு வேற. இங்க ஈடுபாடுதான் முக்கியம்."

"ஈடுபாடுன்னா என்ன செய்யணும்ங்க?" என்று மருந்துக்கடைக்காரர் கேட்டார்.

"கூட்டத்துக்கு வரணும்."

சேர்த்துக்கொண்டார்கள். மன்றத்தில் நான்கு படிநிலைகள் உண்டு என்று செயலாளர் அம்மா விளக்கினார். புதிதாகச் சேர்கிறவர் தரை உறுப்பினர். அதற்கு மேல் கிளை, அதற்கு மேல் மேகம், எல்லாவற்றுக்கும் மேல் விண். தரை உறுப்பினருக்குக் கடைசி வரிசை. அங்கே நாற்காலி கிடையாது, முக்காலிதான். விண் உறுப்பினர்கள் மொத்தம் மூன்று பேர். மூவரும் மேசைக்குப் பின்னால் இருந்தார்கள்.

அவர்களுக்குக் கிடைத்த முக்காலிகளுக்குப் பக்கத்தில், ஒரு நாற்காலியில், ஒரு முடிதிருத்துநர் உட்கார்ந்திருந்தார். அவர் கிளை. மடியில் துணி சுற்றிய சிவப்பு ராக்கெட் ஒன்றைக் கைக்குழந்தைபோல வைத்திருந்தார்.

"நீங்க செஞ்சதா? நல்லா இருக்கு" என்றாள் வேனக்கா. "எவ்வளவு உயரம் போச்சு?"

அவர் பதறிப்போய் மேசையைப் பார்த்தார். பிறகு குனிந்து, "இன்னும் விடலைக்கா" என்றார். "வருஷா வருஷம் மறுபடி ஒரு பூச்சு பூசிடுவேன். இப்ப கொஞ்சம் கனமாயிடுச்சு."

"எவ்வளவு காலமா?"

"நான் சேர்ந்தப்ப எனக்குத் தலையில முடி இருந்துச்சு" என்றார் முடிதிருத்துநர்.

தரை உறுப்பினருக்கு முதல் பயிற்சி அண்ணாந்து பார்த்தல். ராக்கெட் மேலே போகும்போது எல்லோரும் மேலே பார்ப்பார்கள்; பயிற்சியில்லாமல் பார்த்தால் கழுத்து சுளுக்கும், கால் தடுக்கும், வாய்க்குள் ஏதாவது விழும் என்பது தலைக்கவசத்தின் கருத்து. மெத்தைக் கடையின் பின்பக்கத் திடலில் எல்லோரையும் வரிசையாக நிறுத்தினார். "வாய் மூடு! தாடை மேலே! கண் மேலே! நிறுத்து! கண் கீழே! தாடை கீழே!" மேலே ஒன்றும் இல்லை. வெறும் வானத்தை ஏழெட்டுப் பேர் கண்ணை ஏற்றி இறக்கிப் பார்த்தார்கள். பின்வாசலில் மெத்தைக் கடைப் பையன்கள் சிரித்துக்கொண்டு நின்றார்கள்.

மருந்துக்கடைக்காரருக்குக் கழுத்து சுளுக்கிக்கொண்டது. வேனக்கா முதல் தடவையிலேயே தேறினாள்.

"இந்த அம்மாவைப் பாருங்க" என்றார் தலைக்கவசம் மற்றவர்களிடம். "அக்கம்பக்கம் எங்கயாவது கண்ணு போகுதா? ஒரே இடம். இதுதான் ஒழுக்கம்."

வீட்டுக்கு வரும் வழியெல்லாம் அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். அவர் கழுத்தைத் திருப்ப முடியாமல் நேரே பார்த்தபடி நடந்தார். "இப்ப நீங்களும் என்னை மாதிரிதான்" என்றாள்.

ராக்கெட்டை அவள் சாப்பாட்டு மேசையில் செய்தாள். அட்டையைச் சுருட்டி உடல். மெல்லிய மரத்தகட்டை வெட்டி, உப்புத்தாளால் தேய்த்து, மூன்று இறக்கைகள். மூக்குக்கு ஒரு பொம்மையின் தொப்பி. பழைய வேனின் நிறத்திலேயே மஞ்சள் வண்ணம் அடித்தாள். இறக்கையை ஒட்டும்போது கண்ணுக்கு மிக அருகில் வைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு, பசை காயும்வரை அசையாமல் உட்கார்ந்திருப்பாள். அந்த நேரத்தில் அவளைப் பார்த்தால் கண்ணில் குறை உள்ளவள் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். எழுந்து அடுப்படிக்குப் போகும்போது நாற்காலி காலில் இடிக்கும். முன்பெல்லாம் இடித்தால் "ச்சே" என்பாள். இப்போது ஒன்றும் சொல்வதில்லை. அதுதான் அவருக்குப் பயமாக இருந்தது.

ராக்கெட் தயாராகிவிட்டது. மன்றம் தயாராகவில்லை.

எண்ணிக்கைப் பிரச்சினை அப்போதுதான் வெடித்தது. பத்திலிருந்து கீழே எண்ணிக்கொண்டு வந்து ராக்கெட்டை விட வேண்டும் என்பதில் யாருக்கும் மாறுபாடில்லை. ஆனால் கடைசியில் சொல்ல வேண்டியது 'பூஜ்ஜியம்' என்றார் தலைவர். 'சுழியம்' என்றார் செயலாளர் அம்மா. முன்பே அட்டைகளில் சுழியம் என்று அச்சடித்துவிட்டதாகவும் சொன்னார். தலைக்கவசம் எழுந்து, இரண்டுமே நீளமான சொற்கள், சொல்லி முடிப்பதற்குள் விபத்து நடந்துவிடலாம் என்றார். அந்தக் கூட்டம் அதிலேயே முடிந்தது. அடுத்த கூட்டமும் அப்படியே. நாற்காலிகள் இரண்டு அணியாகப் பிரிந்தன. முக்காலிகளை எந்த அணியில் போடுவது என்று தெரியாமல் வாசலில் போட்டார்கள்.

"எதைச் சொன்னா என்ன, பொத்தானை அமுக்கினா போகுது" என்றாள் வேனக்கா.

"தரை உறுப்பினருக்குப் பேச்சுரிமை இல்லம்மா" என்றார் தலைவர். "ஆனா நீங்க பேசினதால சொல்றேன். எண்ணிக்கை ஒழுங்கா முடியாம பொத்தானை அமுக்கினா, அது ஏவுதல் ஆகாது. வெறும் வெடிதான்."

அந்த வாரம் மன்றத்தின் மாடியிலிருந்து அவள் படியிறங்கும்போது கடைசிப் படி இருப்பதே தெரியாமல் காலை வைத்தாள். கீழே விழவில்லை. முடிதிருத்துநர் பிடித்துக்கொண்டார். ஆனால் அவள் முகத்தில் வந்துபோன திகிலை மருந்துக்கடைக்காரர் பார்த்துவிட்டார். அன்று முழுக்கக் கடையில் அவருக்கு வேலை ஓடவில்லை. இருமல் மருந்து கேட்டவருக்கு வயிற்று மருந்தை எடுத்து வைத்தார்.

மறுநாள் அவளிடம் சொல்லாமல் தலைவரின் வீட்டுக்குப் போனார். அவர் கெஞ்சிப் பழக்கமில்லாதவர். வாசலிலேயே நின்று, விஷயத்தைச் சொன்னார். கண்ணைப் பற்றிச் சொன்னார். குழாயைப் பற்றிச் சொன்னார். "அவ கண்ணால பார்க்கணும்ங்க. அவ்வளவுதான். பார்வை போறதுக்குள்ள ஒரு தடவை விட்டுடணும். வேற யாருக்கும் தெரிய வேண்டாம், உங்க மனசோட வச்சுக்கங்க."

தலைவர் அவரை உள்ளே அழைத்து உட்கார வைத்தார். பிறகு மனம் திறந்து பேசினார்.

"உங்ககிட்ட வெளிப்படையாச் சொல்றேன். இந்த மன்றம் ஆரம்பிச்சதுலேருந்து ஒரு விபத்துகூட நடந்ததில்லை. மத்த ஊர் மன்றங்களைப் பாருங்க, ஒருத்தருக்கு விரல் சுட்டுது, ஒருத்தர் வீட்டுக் கூரையில விழுந்துது. நம்மகிட்ட ஒரு புகார் உண்டா? கிடையாது. ஏன்? ஒண்ணுகூட விடலை. விடாம இருக்கிறதுக்கு எவ்வளவு உழைப்பு வேணும் தெரியுமா? ஒவ்வொரு வருஷமும் யாராவது ஒருத்தர் தயாரா வந்து நிப்பாங்க. அவங்களை மனசு நோகாம நிறுத்தி வைக்கணும். அதுக்குத்தான் இத்தனை குழு."

மருந்துக்கடைக்காரர் எழுந்தார்.

"உக்காருங்க. நான் கல்நெஞ்சக்காரன் இல்லை" என்றார் தலைவர். அவர் கண் கலங்கியிருந்தது. "உங்க மனைவி விஷயம் வேற. இதுல ஒரு கருணை இருக்கு. கருணை மன்றத்துக்கு நல்லது."

அடுத்த கூட்டத்தில் தலைவர் எழுந்து நின்று, குரல் தழுதழுக்க ஒரு தீர்மானத்தைப் படித்தார். மன்ற உறுப்பினரான சகோதரி ஒருவர் பார்வை இழந்து வருவதை மன்றம் ஆழ்ந்த வருத்தத்துடன் பதிவு செய்கிறது. அவரைப் பார்வையற்றவராகவே கருதி எல்லா அனுதாபங்களையும் தெரிவிக்கிறது. அவர் பொருட்டு மன்றத்தின் முதல் ஏவுதல், கருணை ஏவுதல் என்ற பெயரில், விழாவாக நடத்தப்படும். எல்லோரும் கை தட்டினார்கள். சிலர் வாசலில் இருந்த முக்காலியைத் திரும்பிப் பார்த்து, அவளுக்குத் தெரியாது என்று நினைத்து, தலையை ஆட்டி உச்சுக்கொட்டினார்கள். அவர்கள் எல்லோரும் நேரேதான் இருந்தார்கள். ஒவ்வொரு முகமும் அவளுக்குத் தெரிந்தது.

மாடிப்படியில் அவள் அவர் கையைத் தட்டிவிட்டாள். சுவரைத் தடவிக்கொண்டே இறங்கினாள். தெருவுக்கு வந்ததும் நின்றாள்.

"என் கண்ணைச் சொல்லி நீங்க மனு போட்டீங்களா?"

"உனக்காகத்தான்..."

"என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா? நான் அங்க போனதே எதுக்கு? அங்க ஒருத்தனுக்கும் தெரியாது. கண்ணு ஒரே இடத்துல நிக்குதுன்னு பாராட்டினாங்க. அந்த ஒரு இடத்துலயாவது நான் நல்லா இருந்தேன். அதையும் கெடுத்துட்டீங்க."

அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். இரண்டு நாள் வீட்டில் பேச்சில்லை. மூன்றாம் நாள் அவளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"போகலாம்" என்றாள். "பேர் கருணைன்னு வைக்கட்டும், என்ன கண்றாவின்னு வேணா வைக்கட்டும். மேல போகப்போறது என் ராக்கெட். ஆனா இனிமே எனக்காக யார்கிட்டயும் போய் நிக்காதீங்க."

"நிக்க மாட்டேன்" என்றார்.

விழா ஊருக்கு வெளியே ஒரு விளையாட்டுத் திடலில் நடந்தது. செயலாளர் அம்மா அச்சடித்த பேனரில் கறுப்புக் கண்ணாடி போட்ட யாரோ ஒரு பெண் வானத்தைப் பார்த்து அழுதுகொண்டிருந்தாள். வேனக்கா அருகில் போய் அதை நிதானமாகப் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் அழுவுறா" என்றாள்.

திடலின் நடுவில் ஒரு நெட்டுக்குத்துக் கம்பி. அதில் கோத்து நிறுத்திய மஞ்சள் ராக்கெட். அடியில் வெடிமருந்து அடைத்த குழாய். அதிலிருந்து ஒரு நீண்ட ஒயர், இந்தப் பக்கம் ஒரு சின்னப் பெட்டிக்கு வந்தது. பெட்டியில் ஒரு சாவியைப் போட்டுத் திருப்பினால் விளக்கு எரியும். விளக்கு எரிந்தால் பொத்தானை அமுக்கலாம். பெட்டிக்கு முன்னால் வேனக்காவுக்கு ஒரு நாற்காலி போட்டிருந்தார்கள். அன்று ஒருநாள் மட்டும் முக்காலி கிடையாது. புகைப்படத்தில் விளக்கு எரிவது நன்றாக இருக்கும் என்று செயலாளர் அம்மா சொன்னதால், தலைக்கவசம் முன்கூட்டியே சாவியைத் திருப்பி வைத்துவிட்டார். அவர் வாழ்க்கையில் செய்த ஒரே பிழை அது.

தலைவர் பேசினார். காற்றைப் பற்றிப் பேசினார், பொறுமையைப் பற்றிப் பேசினார், வேனக்காவின் இருண்ட உலகத்தைப் பற்றிப் பேசினார். அவள் பெட்டியின் மேல் கையை வைத்துக்கொண்டு, கம்பியின் மேலிருந்த மஞ்சளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் பேசி முடித்து, எண்ணிக்கை தொடங்கியது. கூட்டம் முழுக்கச் சேர்ந்து சொன்னது. பத்து, ஒன்பது, எட்டு. மூன்று. இரண்டு. ஒன்று.

பிறகு அமைதி.

சுழியமா பூஜ்ஜியமா என்ற வழக்கு முடியாததால், சமரசமாக, ஒன்றுக்குப் பிறகு ஒன்றும் சொல்வதில்லை என்று விண் உறுப்பினர்கள் முடிவு செய்திருந்தார்கள். ஆனால் ஒன்றும் சொல்லாவிட்டால் எண்ணிக்கை முடிந்ததாக எப்படி எடுத்துக்கொள்வது என்பதை யாரும் யோசிக்கவில்லை.

"முடிஞ்சுதா?" என்றார் தலைக்கவசம்.

"முடியலை. நான் சைகை காட்டணும்" என்றார் தலைவர்.

"சைகைக்குத் தீர்மானம் இல்லையே" என்றார் செயலாளர் அம்மா.

"அப்ப மறுபடி பத்திலேருந்து வருவோம்."

"அது ரெண்டாவது எண்ணிக்கை. ஒரு ஏவுதலுக்கு ஒண்ணுதான்னு விதி."

மூவரும் ஒருவர் தலையோடு ஒருவர் தலையை வைத்துக்கொண்டு, விதிகள் அச்சடித்த அட்டையின் மேல் குனிந்தார்கள். கூட்டம் முழுவதும் அவர்களை எட்டிப் பார்த்தது. முடிதிருத்துநர் தன் சிவப்பு ராக்கெட்டின் துணியைச் சரிசெய்தார். மருந்துக்கடைக்காரர் மனைவியைப் பார்த்தார். இன்றைக்கும் நடக்கப்போவதில்லை என்று அவருக்குப் புரிந்துவிட்டது. அதை அவள் எப்படித் தாங்கப்போகிறாள் என்று அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அவள் முகத்தில் ஒன்றும் மாறவில்லை. கட்டை விரல் மட்டும் அசைந்தது.

பெரிய துணியைக் கிழித்ததுபோல ஒரு சத்தம். தலைவர் கீழே உட்கார்ந்துவிட்டார். தலைக்கவசம் இரண்டு கையாலும் தலைக்கவசத்தைப் பிடித்துக்கொண்டார். பயிற்சி பெற்ற அத்தனை பேரில் ஒருவர்கூட அண்ணாந்து பார்க்கவில்லை, எல்லோரும் குனிந்தார்கள். நிமிர்ந்து பார்த்தபோது கம்பி காலியாக இருந்தது. கொஞ்சம் புகை இருந்தது. அதையும் காற்று கலைத்துக்கொண்டிருந்தது. திடல் முழுக்கத் தேடியும் ராக்கெட் கிடைக்கவில்லை.

வேனக்கா மட்டும் முகத்தை மேலே வைத்தபடி, ரொம்ப நேரம், நாற்காலியில் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை விசாரணை. அவளை யாராவது திட்டுவார்கள் என்று மருந்துக்கடைக்காரர் எதிர்பார்த்தார். பதில்கூடத் தயார் செய்து வைத்திருந்தார். யாரும் திட்டவில்லை. ரொம்ப மரியாதையாக நடத்தினார்கள். அதுவே அவருக்குச் சந்தேகமாக இருந்தது.

"நம்ம முன்னாடி இருக்கிற கேள்வி ஒண்ணுதான்" என்று தலைவர் ஆரம்பித்தார். "அன்னைக்கு ஏவுதல் நடந்துதா?"

"கம்பி காலியா இருந்துதே" என்றார் மருந்துக்கடைக்காரர்.

"காலியா இருந்தது உண்மை. ஆனா காலியா இருக்கிறதுக்குப் பல காரணம் இருக்கலாம். காணாமப் போயிருக்கலாம். யாராவது எடுத்திருக்கலாம். மேல போச்சுன்னு சொல்லணும்னா, போனதைப் பார்த்த சாட்சி வேணும். ஏவுதல்னு பதிவு பண்ணினா, அது அனுமதியில்லாத ஏவுதல். அனுமதியில்லாத ஏவுதல் ஒரு விபத்து. இத்தனை வருஷமா விபத்தே இல்லாத மன்றம் இது. அவசரப்பட முடியாது."

முடிதிருத்துநரை எழுப்பினார்கள். அவர் மடியில் இருந்ததைக் கீழே வைக்காமலே எழுந்தார். அவருக்கு அன்று காலையில்தான் மேக உறுப்பினர் அட்டை கொடுத்திருந்தார்கள். "சத்தம் கேட்டுச்சு" என்றார். வேனக்காவைப் பார்த்தார். பிறகு மேசையைப் பார்த்தார். "அது வண்டிச் சத்தமாக்கூட இருக்கலாம்" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அதற்குப் பிறகு அவர் நிமிரவேயில்லை.

மருந்துக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று, "நான் பார்த்தேன்" என்றார். மேலே போகிறதைப் பார்த்தேன் என்று வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு சபையில் பொய் சொன்னார்.

"குடை இருந்துதா?" என்று தலைக்கவசம் கேட்டார். ராக்கெட் உச்சிக்குப் போனதும் மூக்கு கழன்று, உள்ளே மடித்து வைத்த சின்னக் குடை விரியும். அதில்தான் ராக்கெட் மெதுவாக இறங்கும்.

"இருந்துது. நீல நிறம்" என்றார். அவர்தான் பழைய மழைக்கோட்டிலிருந்து வெட்டிக் கொடுத்தவர்.

"விரிஞ்சுதா?"

அவர் வாயைத் திறந்தார். விரிந்தது என்று சொன்னால் எந்தப் பக்கம் போனது என்று கேட்பார்கள். அதெல்லாம்கூடப் பரவாயில்லை. உண்மையிலேயே அது விரிந்ததா இல்லையா என்று தனக்குத் தெரியாது என்பது அந்த நிமிஷத்தில்தான் அவருக்கு உறைத்தது. ஒரு வாரமாக அவள் கோபமாக இருக்கிறாளா, சந்தோஷமாக இருக்கிறாளா, மன்றம் என்ன செய்யும் என்று கவலைப்பட்டாரே தவிர, அதை அவளிடம் கேட்கவேயில்லை.

"நான் பார்த்தேன்" என்றாள் வேனக்கா முக்காலியிலிருந்து. "கம்பியை விட்டுக் கிளம்பினதுலேருந்து கடைசிவரைக்கும் பார்த்தேன். சொல்லட்டுமா?"

அறையில் ஒரு சங்கடமான சலசலப்பு. செயலாளர் அம்மா தலைவரின் காதில் ஏதோ சொன்னார். தலைவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் குரல் மறுபடி தழுதழுத்தது.

"அம்மா, உங்க மேல இந்த மன்றம் எவ்வளவு அன்பு வச்சிருக்குன்னு உங்களுக்கே தெரியும். ஆனா உங்களைப் பார்வையற்றவங்களாக் கருதி ஏகமனதா தீர்மானம் போட்டுட்டோம். நீங்களும் இதே அறையிலதான் இருந்தீங்க. அப்ப மறுப்புச் சொல்லலை. இப்ப நீங்க பார்த்தேன்னு சொன்னா, எங்க அனுதாபத்துக்கு என்னம்மா அர்த்தம்?"

யாரும் சிரிக்கவில்லை. ஏவுதல் நடைபெறவில்லை என்றும், ராக்கெட் ஒன்று காணாமல் போயுள்ளது என்றும், மன்றத்தின் விபத்தில்லா வரலாறு தொடர்கிறது என்றும் எழுதிக்கொண்டார்கள். வேனக்காவின் மனம் நோகக்கூடாது என்பதற்காக அவளைக் கிளை உறுப்பினராக உயர்த்தினார்கள். முக்காலியை எடுத்துவிட்டு நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள்.

அவள் எழுந்து நின்றாள். நாற்காலியைத் தொட்டுப் பார்த்தாள். "நல்ல நாற்காலி. அண்ணனுக்கு மடியில கனம் அதிகம், இன்னொண்ணா அவருக்குப் போட்டுக் கொடுங்க" என்று முடிதிருத்துநரைக் காட்டிச் சொல்லிவிட்டு வெளியே நடந்தாள்.

மாடிப்படியில் இருட்டு கவிந்திருந்தது. இந்தத் தடவை அவளாகவே அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். ஒவ்வொரு படியாகக் காலால் தேடித் தேடி இறங்கினாள். போன மாதம் இந்த அளவு இல்லை என்பது அவருக்குத் தெரிந்தது. அவளுக்கும் தெரிந்திருக்கும்.

தெருவுக்கு வந்து, மெத்தைக் கடையின் விளக்கு வெளிச்சத்தில் நின்றார்கள். வண்டிகள் போய்க்கொண்டிருந்தன.

"நான் பார்க்கலை" என்றார் அவர். "அங்க பொய் சொன்னேன்."

"தெரியும். பொய் சொன்னா உங்க காது சிவக்கும்."

"காது சிவந்தது உனக்கு எப்படித் தெரிஞ்சுது? நான் ஓரத்துல நின்னேனே."

"திரும்பிப் பார்த்தேன். எனக்குத் திரும்பத் தெரியாதா?" என்றாள். "அன்னைக்கு எங்க பார்த்துட்டு இருந்தீங்க?"

"உன்னைத்தான்."

"நல்ல ஆளுங்க நீங்க. ராக்கெட் அந்தப் பக்கம் இருந்துச்சு."

இத்தனை மாதமாக அவர் அவளிடம் எவ்வளவோ கேட்டிருக்கிறார். இது தெரியுதா, அது தெரியுதா, எத்தனை விரல். எல்லாம் தனக்கு விடை தெரிந்த கேள்விகள். இப்போது கேட்க இருந்ததற்கு விடை உலகத்தில் ஒரே ஒரு ஆளிடம்தான் இருந்தது. கேட்கப் பயமாகவும் இருந்தது.

"குடை விரிஞ்சுதா?"

அவள் திரும்பினாள். அவரை நேராகப் பார்த்தாள்.

"உச்சிக்குப் போய் ஒரு நிமிஷம் நின்னுச்சுங்க. விழப்போவுதுன்னுதான் நினைச்சேன். அப்புறம் மூக்கு கழண்டுச்சு. நீலமா ஒண்ணு எட்டிப் பார்த்துச்சு..."

அவருக்குக் கண்ணில் நீர் கட்டிக்கொண்டது. துடைத்தால் அவள் பேச்சை நிறுத்திவிடுவாள் என்று துடைக்காமல் நின்றார்.

"விரிஞ்சுச்சு" என்றாள் அவள். "நல்லா, முழுசா விரிஞ்சுச்சு."